ஏணியைப் பிடிக்க ஆளில்லாத புத்தகம்

சோப்புத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் சௌக்கியமாக இருந்தது. மற்றபடி வாயிற்காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ஜாக்கிரதைதான். அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் எதுவோ அதையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவரும் அதைத் தலைக்கவசம் போல மாட்டிக்கொண்டு பழகிவிட்டார்.

காரத் தண்ணீர் கொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவே நடந்தபடி, இன்னும் விழாதவன் எங்கே விழுவான், இன்னும் பற்றாதது எப்போது பற்றும் என்று யோசிப்பது அவர் உத்தியோகம். அதை அங்கேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டிலும் மேசை முனைகளுக்கெல்லாம் ரப்பர் உறை போட்டிருந்தார். அலமாரிகளுக்குக் கொக்கி, பால்கனிக்கு வலை, குளியலறைக்கு வழுக்காத விரிப்பு. அந்த வீட்டில் ஒருவர் தடுக்கி விழ வேண்டுமென்றால், வழியில் நின்று “பார்த்து, பார்த்து” என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஜாக்கிரதையைத் தடுக்கித்தான் விழ வேண்டும்.

அவர் மனைவி பேருந்து நடத்துநர். ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் சீட்டுக் கிழிக்கிறவள். இப்படி ஒருத்தி இப்படி ஒருவரை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால், “படிக்கட்டுல தொங்காத ஒரே ஆம்பள பயணி இவர்தான், பாவமா இருந்துச்சு” என்பாள்.

இவர்களுக்கு ஒரே மகள். நாலு வயது. வீட்டில் மொட்டு என்று கூப்பிடுவார்கள். அந்த மொட்டு படிக்கும் மழலையர் பள்ளியின் வாசலில்தான் ஒரு நாள் ஜாக்கிரதையின் காது மடல்கள் சில்லிட்டன. பயம் வந்தால் அவருக்கு அங்கேதான் முதலில் தெரியும்.

“மொட்டுக்கு இன்னும் எழுத்து பிடிபடல சார்” என்றாள் வகுப்பு டீச்சர். குரலில் தேன் வடிந்தது. “வருஷக் கடைசியில ஒரு தடவை பார்ப்போம். எழுத்தைப் பார்த்துச் சத்தம் சொல்லிட்டா மேல் வகுப்பு. இல்லேன்னா இதே வகுப்புல இன்னொரு வருஷம் இருக்கட்டும். தப்பில்ல.”

‘தப்பில்ல’ என்ற சொல்தான் அவரைக் கவிழ்த்தது. தொழிற்சாலையில் ‘தப்பில்ல சார், சின்னக் கசிவுதான்’ என்று ஆரம்பித்த எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.

இதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. சின்ன வயதில் ஜாக்கிரதைக்கும் எழுத்து லேசில் வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் முறையும் உட்கார்ந்தார். புதிதாக வந்த பொடிசுகள் அவரை ‘தாத்தா’ என்று அழைத்தார்கள். பெஞ்சின் ஓரத்தை அவருக்கென்று மரியாதையாக ஒதுக்கினார்கள். அந்த மரியாதையின் குளிர் இன்னும் அவர் காது மடலை விட்டுப் போகவில்லை. இந்த ரகசியம் உலகத்தில் அவருடைய அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும். அதாவது, அண்ணிக்கும் தெரியும்.

அண்ணி மேல்மாடியில் குடியிருந்தாள். அவளுடைய மகளுக்கு மொட்டைவிட வயது குறைவு. ஆனால் கடைப் பலகைகளை எல்லாம் படித்தாள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரையே வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்குவாள். அண்ணி படிக்கட்டில் நின்று சொன்னாள்:

“கவலைப்படாதீங்க தம்பி. சில குடும்பத்துல எழுத்து லேட்டாத்தான் வரும். ரத்தம் பேசாம இருக்குமா?”

வயிற்றில் புளியைக் கரைத்ததோடு நிற்காமல் உப்பும் போட்டுவிட்டுப் போனாள்.

அன்றே ஜாக்கிரதை கடைக்குப் போய் ஒரு எழுத்துப் புத்தகம் வாங்கினார். மகளுக்குக் கொடுக்குமுன் தணிக்கை செய்யலாம் என்று பிரித்தவர் அதிர்ந்துபோனார். அ, அணில். அது கடிக்கும் என்று எங்கேயும் போடவில்லை. ஆ, ஆடு. கூரான கொம்போடு ஒரு ஆடு சுதந்திரமாகத் திரிகிறது. புரட்டினால், ஏ, ஏணி. சுவரில் சாத்தியிருந்த அந்த ஏணியின் உச்சியில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லை.

“ஏணியைப் பிடிக்க ஆளில்லாத புத்தகத்தை எவன் அச்சடிச்சான்?” என்று ஜாக்கிரதை நடுக்கூடத்தில் நின்று கேட்டார். இதற்கு அச்சகத்தார் யாரும் பதில் சொல்லாததால் தானே களத்தில் இறங்கினார்.

தொழிற்சாலையிலிருந்து கெட்டி அட்டைகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கரை. நடுவே எழுத்து, கீழே படம். படங்களையும் அவரே வரைந்தார். அ, அரிவாள். ஆ, ஆணி. இ, இடி. ஈ, ஈ மொய்த்த பலகாரம். உ, உடைந்த கண்ணாடி. ஊ, ஊசி. எ, எரியும் துணி. ஏ, ஏணி, அதைப் பிடித்துக்கொண்டு தலைக்கவசத்தோடு ஒரு ஆள். ஐ-யில் கொஞ்சம் திணறினார். பிறகு மேற்சொன்னதெல்லாம் நடந்தபின் மனிதன் என்ன சொல்வான் என்று யோசித்து, ‘ஐயோ’ என்று எழுதி, வாய் பிளந்த முகம் ஒன்று போட்டார். ஔடதத்துக்கு, குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் திறந்து கிடக்கும் மருந்துப் புட்டி. பெயரிலேயே ஆயுதத்தின் சாயலை வைத்துக்கொண்டிருக்கும் ஆய்த எழுத்துக்கு அவர் படமே போடவில்லை. அதன் மூன்று புள்ளிகளே போதும் என்றார்.

வேலை முடிந்து வந்த மனைவி சுவர் முழுக்க ஒட்டியிருந்த அட்டைகளைப் பார்த்தாள்.

“என்னங்க இது? குழந்தைக்குப் பாடமா, உங்க கொதிகலன் ரூம் கதவா?”

“பயம் இருந்தாத்தான் மனசுல பதியும்.”

“அது சரி. நம்ம கல்யாணத் தேதி எனக்கு இன்னும் நல்லா பதிஞ்சிருக்கு.”

பாடம் சாயங்காலங்களில் நடந்தது. அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அப்பா அட்டையைக் காட்டுவார். மகள் எழுத்தின் சத்தத்தைச் சொல்ல வேண்டும். பிறகு பொருளைச் சொல்ல வேண்டும். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் அபாயச் சங்கு ஊதினால் தொழிலாளிகள் செய்யும் பயிற்சியைக் குட்டியாகத் தைத்து மகளுக்கு மாட்டியிருந்தார்.

“பின்னால ஏன்ப்பா போகணும்?” என்று மொட்டு கேட்டாள்.

“சங்கு சும்மா ஊதாது மொட்டு. சத்தம் வந்தா, பின்னாலேயே ஏதோ வருதுன்னு அர்த்தம். நாம தயாரா இருக்கணும்.”

மொட்டு அதைக் கேட்டுத் தலையாட்டினாள். அவள் எதையும் சும்மா கேட்கிற குழந்தை இல்லை. கேட்டதை உள்ளே கொண்டுபோய்ப் பத்திரமாக வைப்பவள். அதில் மட்டும் அப்பாவைப் போல.

எழுத்துகள் வந்தன. அ வந்தது, ஆ வந்தது. அண்ணியிடம் சொல்லிவிட்டு வர ஜாக்கிரதை மனதுக்குள் மாடிப் படிக்கட்டை ஏறி இறங்கினார். அப்புறம் அந்த மழை நாள் வந்தது.

சாயங்காலமே கூடம் இருட்டிக்கொண்டிருந்தது. அப்பா மூன்றாவது அட்டையை எடுத்துக் காட்டினார். மொட்டு நிமிர்ந்து நின்று, “இ” என்றாள். “இடி.”

வானம் பிளந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. விளக்கு அணைந்தது.

ஜாக்கிரதைக்கு முதலில் தோன்றியது என்னவென்றால், பாடத்துக்கு இயற்கையே ஒத்துழைக்கிறது என்பதுதான். “பார்த்தியா?” என்று இருட்டில் மகளைப் பாராட்டினார். பிறகு மழை அடித்துக்கொண்டு ஊற்றியது. மனைவியின் பேருந்து வந்து சேரும் நேரம் தாண்டியது. போன் போகவில்லை. அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். மரம் விழுந்திருக்குமோ, பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்குமோ, படிக்கட்டில் நின்றிருப்பாளோ என்று அவர் உத்தியோகம் முழுக்க அவர் தலைக்குள் வந்து கூட்டம் போட்டது. ஒவ்வொரு மின்னலுக்கும் “ஐயோ” என்றார். சோபாவின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மொட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி ஒருவழியாக, நனைந்த கோழி போல வந்து சேர்ந்தாள். வழியில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டதாம். “பயணிங்க எல்லாரும் எறங்கி மரத்தை இழுத்தோம், நல்லா பொழுது போச்சு” என்று தலையைத் துவட்டினாள். மொட்டு ஓடிப்போய் அம்மாவின் ஈரக் காலைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அப்பா அட்டையைக் காட்டினார். மொட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“அ. சொல்லு. அ...”

இல்லை. அடுத்த அட்டைக்கும் இல்லை. சொன்ன எழுத்து, தெரிந்த எழுத்து, நேற்றுவரை பாடிய எழுத்து எதற்கும் வாய் திறக்கவில்லை. மற்றப் பேச்செல்லாம் இருந்தது. பால் வேண்டும், செருப்பு கடிக்கிறது, அம்மா எப்போது வருவாள் எல்லாம் சொன்னாள். எழுத்தைக் காட்டினால் மட்டும் உதடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

நாள் போகப்போக நிலைமை மோசமானது. சுவரில் ஒட்டிய அட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஊசி அட்டை மிதியடிக்குக் கீழே கிடைத்தது. எரியும் துணி, தண்ணீர் வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. எழுத்து அச்சடித்த பிஸ்கட்டைத் தட்டோடு தள்ளிவைத்தாள். ஒரு நாள் அம்மா விளையாட்டாகப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைக் கத்திக் காட்டியபோது மொட்டு பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். அந்தக் கைகள் ஐஸாக இருந்ததாக அம்மா சொன்னாள்.

ஜாக்கிரதை அப்போது தன் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இது தொற்று. தன்னிடமிருந்து போயிருக்கிறது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதும், புதுப் பொடிசுகள் அவளை ‘பாட்டி’ என்று அழைப்பதும் பட்டப்பகலில், காரத் தொட்டிகளின் ஆவிக்கு நடுவே தெரிந்தன. ஒரு நாள், தொட்டிகளைச் சுற்றிப் போட்டிருந்த மஞ்சள் எச்சரிக்கைக் கோட்டை அவரே தாண்டி நடந்தார். “சார், ஜாக்கிரதை” என்று ஒரு தொழிலாளி இழுத்துப் பிடித்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டானா, எச்சரித்தானா என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணி இறங்கி வந்து மொட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என் பொண்ணு வாயை மூட முடியல. உங்க பொண்ணு வாயைத் திறக்க முடியல. கடவுள் எப்படிப் பங்கு வைக்கிறார் பாருங்க தம்பி.”

“உங்களுக்கு ரெண்டு பங்கா வச்சுட்டார் போல அக்கா” என்றாள் நடத்துநர்.

வருஷக் கடைசி வந்தே விட்டது.

வகுப்பறையில் குட்டி நாற்காலிகள். அப்பாக்களும் அவற்றில்தான் உட்கார வேண்டும். முழங்கால் தாடையில் இடிக்க, ஜாக்கிரதை மகளுக்குப் பக்கத்தில் மடிந்திருந்தார். பின்பக்கம் ஆயா ஒரு ஸ்டூலில் ஏறி, சுவரில் மாட்டிய காகிதத் தோரணங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்ட ஜாக்கிரதைக்கு எங்கே பயப்படுவது என்றே தெரியவில்லை.

டீச்சர் படமில்லாத எழுத்துகளைப் பலகையில் எழுதி, குச்சியால் தொட்டாள்.

“இது என்ன சத்தம் கண்ணு?”

மௌனம். இன்னொரு எழுத்து. மௌனம். டீச்சரின் முகத்தில் ‘தப்பில்ல’ என்ற சொல் திரண்டு வருவதை ஜாக்கிரதை பார்த்தார். குச்சி ‘ஏ’யைத் தொட்டது.

மொட்டு எழுந்தாள். நேராகப் பின்பக்கம் நடந்து, ஆயாவின் ஸ்டூல் காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஆயா குனிந்து, “அடடா, எனக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு” என்றாள். டீச்சர் சிரிக்கவில்லை. குழந்தையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆயா தோரணத்தோடு இறங்கிய பிறகுதான் மொட்டு இடத்துக்குத் திரும்பினாள்.

“சரி. இப்ப அப்பா சொல்லட்டும். நீ கேளு” என்று டீச்சர் குச்சியை ‘இ’க்குக் கொண்டுபோனாள்.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வருமுன் குட்டிக் கைகள் வந்து பொத்திவிட்டன.

“சொல்லாதப்பா” என்றாள் மொட்டு. “வந்துடும்.”

“எது வந்துடும் கண்ணு?”

மொட்டு மேலே கூரையைக் காட்டினாள். பிறகு விளக்கைக் காட்டி, விரல்களை மடக்கி அணைத்தாள். பிறகு டீச்சரின் காதருகே போய், ஆனால் அப்பாவுக்கும் கேட்கும்படி, சொன்னாள்:

“அன்னிக்கு நான் சொன்னேன். உடனே வந்துச்சு. அம்மா பஸ்ல இருந்தாங்க.”

ஜாக்கிரதையின் காது மடல்கள் சில்லிடவில்லை. முதல் முறையாக அவை சுட்டன. அந்தச் சாயங்காலம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தன் முதுகுக்குப் பின்னால் சோபா மூலையில் என்ன நடந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. விபத்து நடந்தது வீட்டுக்குள்தான். பாதுகாப்பு அலுவலர் வெளியே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் அட்டைகளைப் பற்றி விசாரித்தாள். அரிவாள் முதல் ஐயோ வரை அவர் ஒளிக்காமல் சொன்னார். அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

“எழுத்தெல்லாம் தெரியுது சார். ஒவ்வொண்ணுக்கும் கண்ணு எங்க ஓடுதுன்னு பார்த்தேன். ஆனா வாய்விட்டுச் சொன்னாத்தான் நான் மேல அனுப்ப முடியும். அடுத்த வாரம் மறுபடி கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள நீங்க அவ முன்னால உட்கார்ந்து எல்லாத்தையும் சத்தமா சொல்லிக் காட்டுங்க. சொன்னா எதுவும் வராதுன்னு அவ பார்க்கணும்.”

ஜாக்கிரதை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

“வந்துட்டா?”

டீச்சர் அவரைக் கனிவோடு பார்த்தாள். குழந்தையை அடுத்த வகுப்புக்கு அனுப்பினாலும் அப்பாவை நிறுத்தி வைக்கலாமா என்று யோசித்திருப்பாள்.

மறுநாள் நடத்துநருக்கு விடுப்பு. தேடிப் பிடித்த அட்டைகளை நடுவில் பரப்பி, மூவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஜாக்கிரதை முதலில் பால்கனிக்குப் போய் வானத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்துவிட்டு வந்தார். மேகம் இல்லை. கேஸ் மூடியிருக்கிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இல்லை.

“தெப்பக்குளத்துல குதிக்கப் போற மாதிரி பண்ணாதீங்க” என்றாள் மனைவி. “சொல்லுங்க.”

மொட்டு அவர் மடியில் உட்கார்ந்து, பொத்துவதற்குத் தயாராகக் கையைத் தூக்கி வைத்திருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மடியில் இன்னொரு அரண்டவளை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தவர்கள் யாருமில்லை.

“இ” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இடி.”

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் மூடியைப் போட்டார்கள்.

“வரல” என்றாள் மொட்டு.

“வரல” என்றார் அப்பா. அதில் மகளைவிட அவருக்குத்தான் ஆச்சரியம் அதிகம்.

“ஊ, ஊசி.” வரவில்லை. “எ, எரியும் துணி.” இருவரும் கொடியில் காயும் துணிகளை நோட்டமிட்டார்கள், அவை மரியாதையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடத்துநர் பொறுமையிழந்து, கடைசி நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில், “அ, அரிவாள், ஆ, ஆணி, எல்லாரும் எறங்குங்க, எவனும் வரல” என்றாள். மொட்டின் கை மெல்ல இறங்கி அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

“நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றாள்.

அவள் அட்டைகளைத் தடவி, வாய் பிளந்த முகத்தை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஐ” என்றாள். “ஐயோ.”

அழைப்பு மணி அடித்தது.

மொட்டு அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். ஜாக்கிரதை உறைந்தார். எழுந்து, கதவின் துளையில் கண்ணை வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு ஆயுள் பிடித்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

“என்ன தம்பி, ஒரே சத்தமா இருக்கு” என்றாள் அண்ணி. “எழுத்து கிழுத்து வந்துடுச்சா?”

மொட்டு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றையும் திறந்தாள். வந்தது எதுவென்று மேலிருந்து கீழாக ஆராய்ந்தாள்.

“நான் ஐயோ சொன்னேன். பெரியம்மா வந்துட்டாங்க” என்று அப்பாவிடம் அறிவித்தாள்.

நடத்துநர் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். ஜாக்கிரதை சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்பா சிரிப்பதை மகள் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். அவர் பயப்படும்போது பார்த்துப் பழகிய முகம்தான். இது வேறு மாதிரி இருந்தது. “ஐயோ” என்று மறுபடி சொல்லிப் பார்த்தாள். புதிதாக யாரும் வரவில்லை. வந்தவரும் போகவில்லை. பயப்படத் தேவையில்லை என்று அவள் முடிவுகட்டியிருக்க வேண்டும், தரையில் இறங்கி அட்டைகளை ஒவ்வொன்றாக அண்ணியின் மூக்குக்கு நேராக நீட்டிக் கத்த ஆரம்பித்தாள். ஔடதம் வரைக்கும் போனாள். அண்ணி ஓரடி பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். பயிற்சி என்றால் அதுதான் பயிற்சி.

அடுத்த வாரம் பள்ளியில் டீச்சர் அப்பாவை வகுப்புக்குள் விடவில்லை. “நீங்க வெளிய இருங்க சார், அதான் பாதுகாப்பு” என்றாள். அவர் வாசல் மரத்தடியில், கிளை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நின்றார். ஜன்னல் வழியே மகளின் குரல் தெரு வரைக்கும் வந்தது. அ வந்தது. ஆ வந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

பிறகு, “இ. இடி” என்று கேட்டது.

ஜாக்கிரதை அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்துவைத்த தட்டு போல இருந்தது. நடத்துநரின் பேருந்து இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். வராது என்று அவருக்குத் தெரியும். மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

இருந்தாலும் குடையை விரித்துக்கொண்டார்.